திருநெல்வேலி வெயிலில் ஒரு மேண்டிஸ் இறால்: சின்னக் கடல்தொட்டிக்கு வழிகாட்டி

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு கரைசேர்ந்து வலையைத் தரம்பிரிக்கும்போது, ஓரமாக ஒதுக்கிப் போடும் குவியலில் மேண்டிஸ் இறாலின் உறவுக்காரர்களைப் பார்க்கலாம். தட்டையான வால், துருத்திய கண்கள், கும்பிடுபூச்சிபோல் மடக்கிய முன்கால்கள். கோழித்தீவனத்துக்கோ உரத்துக்கோ போகிற அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துத் தொட்டியில் விட்டால் என்ன என்று பலருக்கும் தோன்றும். வேண்டாம். வலையில் இழுபட்டு நசுங்கி வந்தது பெரும்பாலும் இரண்டு நாள் தாங்காது. தாங்கினாலும் அது சேற்றுக்குள் ஆழமாக வளை தோண்டி வாழும் இனம், இரண்டடித் தொட்டி அதற்கு ஆகாது.

மேண்டிஸ் இறாலில் இரண்டு வகை. முன்கால் முள்ளாக நீண்டிருப்பது குத்தும் வகை. அது மணலுக்குள் பதுங்கியிருந்து மீனைக் குத்திப் பிடிக்கும். முன்கால் முட்டி குண்டாகத் திரண்டிருப்பது அடிக்கும் வகை. அது பாறைப் பொந்தில் இருந்துகொண்டு நண்டையும் சிப்பியையும் உடைத்துத் தின்னும். வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது அடிக்கும் வகையில் சிறிய இனம். தோகை மேண்டிஸ் என்று படங்களில் பச்சையும் சிவப்புமாகப் பார்க்கும் ஒடோன்டோடாக்டிலஸ் 15 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், அதற்குக் குறைந்தது 120 லிட்டர் வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு கோனோடாக்டிலஸ் இனங்கள் போதும். அதில் ஸ்மித்தி என்ற இனத்துக்கு முன்காலின் உள்பக்கம் ஊதாப் பொட்டு இருக்கும், வாங்கும்போது அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். 5 முதல் 8 சென்டிமீட்டர் உள்ள ஒன்றுக்கு 40 லிட்டர் தண்ணீர் தாராளம்.

கண்ணாடியை உடைத்துவிடும் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. தோகை மேண்டிஸின் அடி விநாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போவதை 2004-இல் அளந்து வெளியிட்டார்கள். அடி விழும் இடத்தில் நீர் கிழிந்து குமிழி உண்டாகி, அந்தக் குமிழி வெடிப்பதே இரண்டாவது அடியாக விழும். பெரிய விலங்கு, மெல்லிய கண்ணாடி என்றால் பயப்பட நியாயம் உண்டு. 6 சென்டிமீட்டர் கோனோடாக்டிலஸ் 8 மில்லிமீட்டர் கண்ணாடியை உடைக்காது. நம் ஊரில் இந்தப் பிராணி சாவது வேறு காரணங்களால்: வெயில், ஆவியாகிற தண்ணீர், சுவரில் செருகிய கொசு மருந்து. மேண்டிஸ் இறால் முரட்டு உடம்புக்காரன். தண்ணீரைக் காப்பாற்றினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்.

தொட்டி, வைக்கும் இடம்

60 × 30 × 30 சென்டிமீட்டர், அதாவது இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி. கண்ணாடிக் கடையில் ஒட்டித் தரச் சொல்லும்போது 5 மில்லிமீட்டரில் செய்துவிடுவார்கள். 8 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டியபின் ஒரு வாரம் காயவிட்டு, இரண்டு நாள் சாதா நீர் நிரப்பிக் கசிவு பாருங்கள். மணலும் கல்லும் போட்டபின் தண்ணீர் ஏறக்குறைய 40 லிட்டர் பிடிக்கும். எல்லாம் சேர்த்து எடை 80 கிலோவை நெருங்கும். பிளாஸ்டிக் மேசை, டிவி அலமாரி இரண்டும் கூடாது. இரும்பு ஆங்கிள் தாங்கி என்றால் இரண்டு பூச்சு எபாக்சி பெயின்ட் அடியுங்கள். உப்புநீர் சொட்டு பட்ட இடமெல்லாம் ஆறு மாதத்தில் துருவேறும்.

மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையைத் தவிர்த்துவிடுங்கள். காங்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும். தரைத்தளத்தில், மேற்குச் சுவரைத் தொடாத உள்ளறையே நல்லது. சமையலறைப் பக்கமும் வேண்டாம், தாளிப்பு எண்ணெய்ப் புகை நீரின் மேல் படலமாக நின்றால் காற்று கரைவது குறையும்.

வாங்க வேண்டியவை: தொட்டிக்கு வெளியே தொங்கும் வடிகட்டி ஒன்று, மணிக்கு 400 முதல் 500 லிட்டர் ஓட்டம் உள்ளது. காற்றுக்கல்லோடு ஒரு சிறு ஏர் பம்ப். மங்கலான எல்.இ.டி. விளக்கு, பவளத்துக்கான பிரகாச விளக்கு வேண்டாம். டிஜிட்டல் வெப்பமானி, கண்ணாடிக் குழாய் வெப்பமானியை ஒரே அடியில் தூளாக்கிவிடும். உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்குக்கும் சொட்டு முறைச் சோதனைப் பெட்டி. மூடி வலையாக இருக்க வேண்டும். கண்ணாடி மூடி சூட்டை அடைத்துவைக்கும், மூடியே இல்லாவிட்டால் பிராணி ஒருநாள் காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். ஹீட்டர் நம் ஊருக்கு அநேகமாகத் தேவையில்லை. மார்கழி, தை இரவுகளுக்காக வைத்தே தீருவேன் என்றால் 50 வாட் போதும், அதையும் வடிகட்டிப் பெட்டிக்குள் வையுங்கள், தொட்டிக்குள் அல்ல.

தண்ணீர்

தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான். குழாயில் வரும்போது குளோரின் சேர்ந்திருக்கும். போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு, சுண்ணாம்பு ஏறிய கடின நீர். இரண்டையும் நேரே பயன்படுத்தாதீர்கள். ஆர்.ஓ. நீர் எடுங்கள், எடுத்தபின் நீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுவது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் ருசிக்காக மூலநீரைக் கொஞ்சம் கலக்கும் திருகு ஒன்றும், தாதுப்பு சேர்க்கும் குப்பி ஒன்றும் இருக்கும். அதனால் 80, 100 என்று காட்டும். ஆர்.ஓ. சவ்வுக்கு அடுத்த குழாயிலிருந்து நேரடியாக ஒரு கிளை எடுத்து, அதில் மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றைப் பொருத்தினால் 0 முதல் 5-க்குள் வரும். அதுதான் வேண்டும். கேன் தண்ணீரும் அளந்து பார்க்காமல் ஊற்றக்கூடாது.

அடுத்தது உப்பு. பக்கத்திலேயே தூத்துக்குடி உப்பளம் இருக்கும்போது கடல் உப்புக்கு ஏன் காசு கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது. உப்பளத்தில் கடல்நீர் காயும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முதல் பாத்திகளிலேயே படிந்துவிடும். பிறகு சோடியம் குளோரைடு உறையும். மக்னீசியமும் பொட்டாசியமும் கசப்புநீரோடு வடிந்து போகும். கைக்கு வருவது கடலில் ஒரு பங்கு மட்டுமே. ஓடு கட்டிக்கொள்ள வேண்டிய பிராணிக்குக் கால்சியமும் மக்னீசியமும் இல்லாத நீர் பட்டினி போடுவதற்குச் சமம். வண்ணமீன் கடையில் கிடைக்கும் செயற்கைக் கடலுப்புக் கலவையே வாங்குங்கள்.

கலக்கும் முறை: 

1. மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் 40 லிட்டர் ஆர்.ஓ. நீர் ஊற்றி, சிறு பம்பை ஓடவிடுங்கள். 
2. லிட்டருக்கு 38 கிராம் கணக்கில் ஒன்றரைக் கிலோ உப்பை எடைபோட்டு, கைப்பிடி கைப்பிடியாகத் தூவுங்கள். நீரில்தான் உப்பு விழ வேண்டும். உப்பைக் கொட்டி மேலே நீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். 
3. ஒரு முழு நாள் ஓடட்டும். 
4. அளந்து பாருங்கள். ஆயிரத்துக்கு 35, அடர்த்திக் கணக்கில் 1.025 அல்லது 1.026. குறைந்தால் உப்பு, கூடினால் ஆர்.ஓ. நீர். ஒவ்வொரு கம்பெனி உப்பும் ஈரப்பதத்தில் வேறுபடும், அதனால் எடையை மட்டும் நம்ப முடியாது.

ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. நீரில் பூச்சியம் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பூச்சியத்தில் சரியாக இருந்து 35-இல் பிசகும் கருவிகள் நிறைய. 36.5 கிராம் தூள் உப்பை 963.5 கிராம் ஆர்.ஓ. நீரில் கரைத்தால் அது கருவியில் 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகைத் திருப்பி 35-க்கு வையுங்கள். சோதனைக்கு சமையல் உப்பு சரி, தொட்டிக்குத்தான் கூடாது.

உவரியிலோ மணப்பாட்டிலோ கடல்நீர் எடுத்துவரலாமே என்றால், எடுக்கலாம், நிபந்தனைகள் உண்டு. துறைமுகம், சாக்கடை வாய், ஆற்று முகம் மூன்றும் விலக்கு. தாமிரபரணி புன்னைக்காயலில் கடல் சேர்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தப் பக்கத்துக் கரைநீர் உப்புக் குறைந்து கலங்கியிருக்கும். வேனலில், கலக்கமில்லாத நாளில் எடுத்து, 5 மைக்ரான் துணிப்பையில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் காற்றோட்டம் கொடுத்து இரண்டு வாரம் வைத்து, உப்பளவு பார்த்தபின் பயன்படுத்துங்கள். சாளை, வாளை ஏற்றிய கேன், டீசல் கேன் எதையும் தொட வேண்டாம்.

அடித்தளம், கல், பொந்து

தொட்டி அடியில் 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு ஒன்று வெட்டிப் போடுங்கள். பிராணி மணலைத் தோண்டி அடிக்கண்ணாடியைத் தட்டிப் பார்க்கும், தட்டு தகட்டில் விழட்டும். பெரிய கற்களை மணலுக்கு முன்பே தகட்டின்மேல் நேரடியாக உட்கார வையுங்கள். மணல்மேல் வைத்த கல்லின் அடியில் அது குடைந்தால் கல் அதன் மேலேயே சரியும்.

மணலைப் பொறுத்தவரை சுண்ணாம்புச் சத்தாலான அரகோனைட் மணல் வாங்குவதைத் தவிர வேறு வழி சொல்வதற்கில்லை. நம் கடற்கரை மணலில் கார்னெட், இல்மனைட் போன்ற கனிமங்கள் கலந்திருக்கும், கரையில் செம்மையும் கருமையுமாக வரிவரியாகத் தெரிவது அதுதான். தேரிக்காட்டுச் செம்மண் இரும்பு. இரண்டும் தொட்டிக்கு ஆகாது. 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு 13 கிலோ வேண்டியிருக்கும்.

கல்லில் சட்டம் குறுக்கிடுகிறது. பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்து ஒதுங்கிய பவளக்கல்லும் இதில் சேர்த்தி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, அங்கிருந்து கல், பிராணி எதுவும் எடுக்கக் கூடாது. ‘லைவ் ராக்’ (கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த கல்) என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள். தொட்டிக்கென்றே செய்த பீங்கான் கல், செயற்கை உலர் கல் 6 முதல் 8 கிலோ போதும். தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் கெடுதல் செய்யாது, ஆனால் இறுகிய கல். பாக்டீரியா குடியேறத் துளைகள் வேண்டும், இதில் அது இல்லை.

அதே உலர் கல்லில் ஒன்றைச் சுத்தியலால் உடைத்து, கொண்டைக்கடலை அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை கலந்து ஒரு கிலோ போடுங்கள். இதுதான் அதற்குச் செங்கல்லும் கதவும். இரவில் வாசலை அடைத்துக்கொள்ளும், காலையில் திறக்கும். உடைந்த கல் இல்லாத தொட்டியில் அது ஓயாமல் அலையும்.

பொந்து இல்லாமல் பிராணியை விடவே கூடாது. பிளம்பிங் கடையில் முக்கால் இஞ்சு பி.வி.சி. குழாய் அரையடியும் ஒரு எல்போவும் வாங்குங்கள். 6 சென்டிமீட்டர் பிராணிக்கு இது சரி, 8 வந்தால் ஒரு இஞ்சு. உடம்பு மடங்கித் திரும்ப இடம் வேண்டும், அதற்குமேல் அகலம் இருந்தால் பயப்படும். குழாயில் 3 மில்லிமீட்டர் துளைகள் நாலைந்து போட்டால் உள்ளே நீர் தேங்காது. ஒட்டும் பசை போடாமல் அழுத்திச் செருகுங்கள். ஒரு வாய் கல்லடியில் வெளியே பார்க்கட்டும். மறுபக்கத்தை முன்கண்ணாடியோடு ஒட்டிப் புதைத்து, கண்ணாடியின் வெளிப்புறம் கருப்புத் தாள் ஒட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை தாளை விலக்கிப் பார்த்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியும்.

பிராணி வருமுன் ஆறு வாரம்

கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லில் குடியேறும் வரை பொறுக்க வேண்டும். தொட்டியை ஓடவிட்டு, அமோனியம் குளோரைடு கால் கிராம் போட்டால் 40 லிட்டரில் அமோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும். இரண்டரை கிராமை 100 மில்லி நீரில் கரைத்து 10 மில்லி ஊற்றுவது எளிது. ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் கேளுங்கள். ஈயம் பூசுகிறவர் பயன்படுத்தும் நவச்சாரமும் அதே உப்புதான், ஆனால் அதில் வேறு உலோகம் கலந்திருக்கலாம், ஒதுக்குங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் தோலுரித்த பச்சை இறால் துண்டு ஒன்றைத் துணியில் கட்டித் தொங்கவிடலாம். நாறும், அவ்வளவுதான்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதியுங்கள். முதலில் அமோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரைட் இறங்கும். மறுபடி 2 பிபிஎம் ஊற்றி, 24 மணி நேரத்துக்குள் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம் ஆனால் தொட்டி தயார். நம் சூட்டில் சிலசமயம் நான்கு வாரத்திலேயே முடியும். பாதி நீரை மாற்றி, நைட்ரேட்டை 20-க்குக் கீழே கொண்டுவந்து, பி.எச். 8.1 முதல் 8.4-க்குள் இருக்கிறதா பார்த்தபின்தான் கடைக்குப் போக வேண்டும்.

சூடு

24 முதல் 27 டிகிரி இதற்கு இதமான அளவு. 28 சில நாள் தாங்கும். 30-ஐத் தாண்டினால் நீரில் ஆக்சிஜன் குறையும், பிராணியின் தேவையோ கூடும். சித்திரை, வைகாசியில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் தொட்டிநீர் 31, 32-ஐச் சுலபமாகத் தொடும். இதற்கு ஏற்பாடு செய்ய முடியாது என்றால் இந்தப் பிராணியை வாங்க வேண்டாம் என்பதே நேர்மையான யோசனை.

முதல் வழி நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக வீசும் சிறு விசிறி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் விசிறி இரண்டு போதும். ஆவியாகும் நீர் சூட்டைக் கொண்டுபோகும், 2 முதல் 3 டிகிரி இறங்கும். ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியே வரும் காய்ந்த காற்றில் இது பிரமாதமாக வேலை செய்யும். ஐப்பசிப் புழுக்கத்தில் அவ்வளவு செய்யாது, ஆனால் அப்போது தேவையும் குறைவு. அக்னி நட்சத்திர நாட்களில் விசிறி மட்டும் பற்றாது. ஏ.சி. ஓடும் அறை, அல்லது பத்தில் ஒரு எச்.பி. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வேண்டும். தொட்டியின் பின்புறத்திலும் பக்கங்களிலும் ஓரங்குலத் தெர்மோகோல் ஒட்டினால் சில்லருக்குப் பாதி வேலை மிச்சம்.

அவசரத்துக்கு ஐஸ் பாட்டில். ஒரு லிட்டர் உறைந்த பாட்டில் முழுவதும் உருகினால் 40 லிட்டர் நீரை ஏறக்குறைய இரண்டரை டிகிரி இறக்கும். மடமடவென்று இறங்குவதும் கெடுதல், மணிக்கு ஒரு டிகிரி போதும். ஆகவே அரை லிட்டர் பாட்டிலாக, மூடி இறுக்கி, வடிகட்டி நீர் விழும் இடத்தில் மிதக்கவிடுங்கள்.

விசிறி வைத்த தொட்டியில் நாளைக்கு ஒரு லிட்டர் வரை காணாமல் போகும். போவது நீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். மூன்று நாள் திருச்செந்தூர், குற்றாலம் என்று போய்வந்தால் 3 லிட்டர் குறைந்து, 35 இருந்த உப்பு 38-க்குப் பக்கத்தில் நிற்கும். அதைப் பார்த்துப் பதறி உப்புநீரை ஊற்றுவது நிறையப் பேர் செய்யும் தப்பு. ஈடுகட்ட ஊற்ற வேண்டியது ஆர்.ஓ. நன்னீர். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் கோடுவரை நிரப்புங்கள். ஏற்கெனவே ஏறிவிட்டால் ஒரே மூச்சில் இறக்காமல் இரண்டு மூன்று நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளில் ஏர் பம்பாவது ஓட வேண்டும். பேட்டரி பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், அல்லது இன்வெர்டரிலிருந்து ஒரு பாயின்ட். வடிகட்டி பல மணி நேரம் நின்றிருந்தால், அதில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் விஷங்கள்

செம்பு இந்த வகை உயிர்களுக்கு நஞ்சு. செப்புக்குடம், பித்தளை அண்டா, பித்தளைச் சொம்பு எதிலும் இந்த நீரை மொள்ளக் கூடாது. தனி வாளி, தனி மக், பிளாஸ்டிக்கில். மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய்க்கு விற்கும் மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு. செம்பு மருந்து போட்ட பழைய தொட்டியையோ கல்லையோ பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், கல்லில் ஊறிய செம்பு மெல்ல மெல்லக் கசியும்.

கொசு மருந்து அதைவிட மோசம். சுருள், பிளக்கில் செருகும் திரவம், ஸ்பிரே மூன்றிலும் இருப்பவை பெரும்பாலும் பைரித்ராய்டு மருந்துகள். பூச்சியைக் கொல்ல ஆனவை இவை. மேண்டிஸ் இறாலும் கணுக்காலிதான். அறைக்காற்றை ஏர் பம்ப் உறிஞ்சி நேரே நீருக்குள் ஊதுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. அந்த அறையில் கொசு மருந்தே கூடாது. ஜன்னலுக்கு வலை, கட்டிலுக்குக் கொசுவலை. பம்பை வேறு அறையில் வைத்துக் குழாயை மட்டும் கொண்டுவருவது இன்னும் நல்லது. பினாயில் தெளித்துத் துடைத்த கை, தேங்காயெண்ணெய் தடவிய கை எதையும் தொட்டிக்குள் விட வேண்டாம்.

கொண்டுவந்து விடுவது

திருநெல்வேலியில் கடல்தொட்டிப் பிராணி விற்பவர்கள் குறைவு. சென்னை கொளத்தூர்ச் சந்தைப் பக்கம் சொல்லிவைத்தால் கிடைக்கும். வாங்கும்முன் பாருங்கள்: கண் இரண்டும் தனித்தனியாகச் சுழல வேண்டும், குச்சியைக் காட்டினால் பின்வாங்கவோ அடிக்கவோ வேண்டும், ஓட்டில் கருப்புக் குழிகள் இருக்கக் கூடாது. முன்கால் ஒன்று இல்லாதது பெரிய குறையல்ல, ஓடு கழற்றும்போது மீண்டும் முளைக்கும்.

வெறும் பையில் வாங்காதீர்கள், அடித்துக் கிழிக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு துண்டுக் குழாயோடு போட்டு, அதைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டுவாருங்கள். எழும்பூரில் இரவு ஏறினால் விடியும்போது நெல்லை, வெயிலுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடலாம்.

வந்ததும் டப்பாவைத் தொட்டிநீரில் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்படுத்துங்கள். பிறகு ஏர் குழாயில் முடிச்சுப் போட்டு, விநாடிக்கு 2 முதல் 4 சொட்டு வீதம் தொட்டிநீரை டப்பாவுக்குள் இறக்குங்கள். ஒரு மணி நேரத்தில் நீர் இரட்டிப்பாகும். உப்பளவு இரண்டிலும் ஒன்றானதும், டப்பா நீரைத் தொட்டியில் சேர்க்காமல், குழாய்த் துண்டோடு பிராணியை இறக்கிவிடுங்கள். பயணம் ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தால் அரைமணி நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். டப்பா திறந்ததும் பி.எச். ஏறும், தேங்கிய அமோனியா அப்போதுதான் நஞ்சாகும்.

கையால் எடுக்கவே கூடாது. சின்னதும் விரலைக் கிழிக்கும். பட்டுவிட்டால் நல்ல நீரில் கழுவி, ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் கடல்நீர்க் காயம் என்று சொல்லியே காட்டுங்கள்.

முதல் வாரம் பார்க்கக் கிடைக்காது. கிடைக்கவில்லை என்று கல்லைப் புரட்டாதீர்கள். இரவில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் வீடு கட்டுகிறது என்று அர்த்தம்.

தீனி

வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். இறால் துண்டு, கணவாய்த் துண்டு, மட்டிச் சதை, பிராணியின் கண்ணளவு வெட்டியது. ஒன்றிரண்டு தடவையாவது ஓட்டோடு கொடுங்கள்: சிறு மட்டி, சிறு கடல்நண்டு, கடல் நத்தை. உடைப்பது அதற்கு வேலையும் விளையாட்டும். சாளை போன்ற எண்ணெய் மீன் நீரைக் கெடுக்கும். சந்தையில் வாங்கியதை ஆர்.ஓ. நீரில் கழுவி, ஒருவேளைத் தீனியாகப் பிரித்து ஒரு வாரம் உறையவைத்தபின் கொடுங்கள். வயல்நண்டும் வாய்க்கால் நத்தையும் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் நெல்லுக்கு அடித்த மருந்தைச் சுமந்து வரும். வேண்டாம்.

நீண்ட பிளாஸ்டிக் இடுக்கியில் பிடித்து வாசலில் காட்டுங்கள். உலோக இடுக்கி துருப்பிடிக்கும். நாலு மணி நேரத்துக்குள் தின்னாததை எடுத்துவிடுங்கள். பொந்துக்குள் மறந்த ஒரு மட்டி இந்த அளவுத் தொட்டியை ஒரே இரவில் நாறவைக்கும்.

கூட்டாளி யாரும் வேண்டாம். பாசி தின்னட்டும் என்று விடும் நத்தையும் துறவி நண்டும் ஒரு வாரத்தில் தீனியாகும். பாசியை நீங்களே பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிக்கொள்ளுங்கள்.

ஓடு கழற்றும் காலம்

சின்னது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓடு மாற்றும். முதலில் தீனி வேண்டாம் என்னும், பிறகு வாசலைக் கல்லால் அடைத்துவிடும். ஒருவாரம், சிலசமயம் பத்துப் பதினைந்து நாள். அப்போது தீனி போடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், நீர் மாற்றுவதையும் முடிந்தவரை தள்ளிப் போடுங்கள். புது ஓடு மெத்தென்று இருக்கும், அடிக்கும் கால் இறுகுவதற்குள் ஓட்டோடு எதையும் கொடுக்கக் கூடாது. கண்ணாடி ஓரம் வெறுமையான, ஒளி ஊடுருவும் கூடு ஒன்று கிடந்தால் செத்துவிட்டது என்று பதறாதீர்கள், அது கழற்றிய சட்டை. செத்த உடல் ஒளி ஊடுருவாமல் வெளுத்து, நாற்றம் எடுக்கும்.

கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மக்னீசியம் 1300 பக்கம் இருந்தால் ஓடு நன்றாக வரும். வாரம் 6 லிட்டர் நீர் மாற்றினால் இந்த அளவுகள் தானாகவே நிற்கும், தனி மருந்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஏதாவது சரியில்லை என்றால்

தீனியை மறுத்து, வாசலை அடைக்காமல் வெளியே மயங்கினாற்போல் கிடந்தால் முதலில் வெப்பமானி, பிறகு உப்பு, பிறகு அமோனியா. இந்த வரிசையில் பாருங்கள். அமோனியா தெரிந்தால் உடனே மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றம், அழுகும் தீனியைத் தேடி எடுப்பது. கால்கள் உதறி, புரண்டு புரண்டு விழுந்தால் விஷம்தான்: வீட்டில் யார் என்ன தெளித்தார்கள் என்று கேளுங்கள், வடிகட்டியில் அதற்கென்று விற்கும் புதுக் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) போடுங்கள், பாதி நீரை மாற்றுங்கள். இதற்காகவே கலந்து வைத்த 20 லிட்டர் உப்புநீர் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

ஓட்டில் பழுப்பு, கருப்புக் குழிகள் விழுந்தால் ஓட்டுநோய். விளக்கு அதிகமாகவும், ஒளிய இருட்டுப் பொந்து இல்லாமலும், நீர் அழுக்காகவும் உள்ள தொட்டிகளில் இது அடிக்கடி வரும், தோகை மேண்டிஸுக்கு இன்னும் அதிகம். விளக்கைக் குறைத்து, பொந்தை நீட்டி இருட்டாக்கி, நீர் மாற்றத்தைக் கூட்டினால் ஆரம்பத்தில் வந்தது அடுத்த ஓட்டோடு கழன்றுபோவது உண்டு. கிருமிநாசினி மருந்துகளைத் தொட்டியில் ஊற்றினால் கல்லில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

வைத்துக்கொள்ள முடியவில்லை என்ற நிலை வந்தால் வாங்கிய கடையிலோ, கடல்தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடமோ கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இனமாக இருக்கலாம், நோய் சுமந்திருக்கலாம். திருச்செந்தூர்க் கடலில் கொண்டுபோய் விடுவது புண்ணியக் கணக்கில் சேராது. தொட்டி நீரையும் ஆற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் கழிவறையில் ஊற்றுங்கள். செடிக்கு ஊற்றினால் செடி கருகும்.